‘ஸ்டார்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லைப் பொருளறிந்து கையாளும் முறை

‘ஷீ வோக் வித் அ ஸ்டார்ட்’ என்ற வாக்கியத்தை, ‘அவள் ஒரு தொடக்கத்துடன் விழித்தாள்’ என்று மொழிபெயர்த்து ஒரு மாணவர் என்னிடம் கொண்டுவந்தார். அகராதியைப் பார்த்துத்தான் எழுதியிருந்தார். ஆனால் அதில் முதலில் கண்ட பொருளோடு நின்றுவிட்டார். அந்தப் பெண் திடுக்கிட்டு விழித்தாள் என்பதே அவ்வாக்கியத்தின் பொருள். தொடக்கம் என்ற ஒரே பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு இச்சொல்லை அணுகும் எவருக்கும் இத்தகைய சறுக்கல் நேரும். அதைத் தவிர்க்க வேண்டுமானால் சொல்லின் வேரிலிருந்து வர வேண்டும்.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் மூலத்துக்குத் துள்ளுதல், சட்டெனப் பாய்தல் என்பனவே பொருள். திடுக்கிடச் செய்தலைக் குறிக்கும் ‘ஸ்டார்ட்டில்’ என்ற சொல்லும் இதற்கு உறவுடையதே. தொடங்குதல் என்ற பொருள் பல நூற்றாண்டுகள் கழித்து வந்து சேர்ந்தது. ஆகவே இச்சொல்லை எங்கே கண்டாலும், ‘இதுவரை அசையாமல் இருந்தது எது, இப்போது அசைந்தது எது’ என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். உடல் அசைந்தால் திடுக்கிடல். பயணி அசைந்தால் கிளம்புதல். இயந்திரம் அசைந்தால் ஓடத் தொடங்குதல். வேலை அசைந்தால் ஆரம்பித்தல்.

தமிழில் ‘கிளம்பு’, ‘கிளப்பு’ என்று தன்வினையும் பிறவினையும் வடிவத்திலேயே பிரிந்து நிற்கின்றன. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம்தான்: ‘தி கார் ஸ்டார்ட்டட்’ என்றால் கார் தானே இயங்கத் தொடங்கியது, ‘ஹீ ஸ்டார்ட்டட் தி கார்’ என்றால் அவர் அதைக் கிளப்பினார். பின்னால் செயப்படுபொருள் வருகிறதா என்று பார்த்து, வந்தால் அப்பொருளுக்கு ஏற்ற தமிழ் வினையைத் தேட வேண்டும். ‘ஸ்டார்ட் அ ஃபயர்’ என்பதில் தீ மூட்டப்படுகிறது. ‘ஸ்டார்ட் அ ரூமர்’ என்பதில் வதந்தி கிளப்பப்படுகிறது. ‘ஸ்டார்ட் அ ஃபைட்’ என்றால் சண்டையை வலிய இழுப்பது. மூன்றுக்கும் ‘தொடங்கினான்’ என்று போட்டால் பொருள் விளங்கிவிடும், ஆனால் மொழி உயிரிழந்துவிடும். ‘ஸ்டார்ட் அ ஃபேமிலி’ என்ற தொடரில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அது திருமணத்தைக் குறிப்பதன்று. தம்பதியர் முதல் குழந்தையைப் பெற்றுக்கொள்ள எண்ணுவதையே குறிக்கும்.

இனி, நாமே எழுதும்போது எழும் முதல் ஐயம், ‘பிகின்’ என்பதா ‘ஸ்டார்ட்’ என்பதா என்பதே. கூட்டம், வகுப்பு, மழை ஆகியவற்றுக்கு இரண்டும் பொருந்தும். ‘பிகின்’ சற்றே முறைசார்ந்த தொனி உடையது, அவ்வளவுதான். ஆனால் இயந்திரத்தை இயக்கும்போதும், தொழில் நிறுவனத்தைத் தொடங்கும்போதும் ‘ஸ்டார்ட்’ என்றே எழுத வேண்டும். ‘ஐ பிகேன் தி என்ஜின்’ என்று எந்த ஆங்கிலேயரும் சொல்வதில்லை.

அடுத்து வரும் வினையின் வடிவம் பலரை அச்சுறுத்துகிறது, அதற்குத் தேவையில்லை. ‘ஸ்டார்ட்டட் டு க்ரை’, ‘ஸ்டார்ட்டட் க்ரையிங்’ ஆகிய இரண்டும் சரியே, பொருளிலும் வேறுபாடு இல்லை. ‘ஸ்டார்ட்டிங்’ என்ற வடிவத்துக்குப் பின்னால் மட்டும் இன்னொரு ‘இங்’ வந்தால் காதுக்கு உறுத்தும். எனவே ‘இட் இஸ் ஸ்டார்ட்டிங் டு ரெயின்’ என்று எழுதுங்கள். புரிதல், அறிதல் போன்ற மனநிலை வினைகளுக்கும் ‘டு’ வடிவமே இயல்பானது.

நம்மிடம் மிகுதியாகக் காணப்படும் பிழை வேறிடத்தில் இருக்கிறது. ‘தேர்வுகள் திங்கட்கிழமை முதல் தொடங்குகின்றன’ என்று தமிழில் சொல்லிப் பழகியதால், ஆங்கிலத்திலும் ‘ஸ்டார்ட் ஃப்ரம் மண்டே’ என்று எழுதிவிடுகிறோம். நம் ‘முதல்’ என்ற சொல் அந்நாளில் தொடங்கி நீளும் காலத்தை நினைக்கிறது. ஆங்கிலமோ தொடங்கும் ஒரு புள்ளியை மட்டுமே நினைக்கிறது. ஆகையால் நாளுக்கு ‘ஸ்டார்ட் ஆன் மண்டே’ என்றும், மணிக்கு ‘ஸ்டார்ட் அட் நைன்’ என்றும், மாதத்துக்கு ‘ஸ்டார்ட் இன் ஜூன்’ என்றும் எழுதுவதே முறை. இவ்வாறே ‘ஆரம்பத்தில்’ என்பதை ‘இன் தி ஸ்டார்ட்டிங்’ என்று சொல்வதும் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ‘அட் தி ஸ்டார்ட்’ என்றோ ‘இன் தி பிகினிங்’ என்றோ திருத்திக்கொள்ள வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பியதைச் சொல்ல ‘ஐ ஸ்டார்ட்டட் ஃப்ரம் ஹோம்’ என்பதைவிட ‘ஐ லெஃப்ட் ஹோம்’ என்பதே இன்றைய ஆங்கிலத்தில் இயல்பு. இவை சிறு திருத்தங்கள்தாம் என்றாலும், எழுத்தின் தரத்தை உடனே உயர்த்துபவை என்பதால் இவற்றை நான் வலியுறுத்துகிறேன்.

துணைச்சொற்கள் சேரும்போது பொருள் திரும்பும். ‘ஸ்டார்ட் ஓவர்’ என்றால் செய்ததை விட்டுவிட்டு முதலிலிருந்து மீண்டும் செய்வது. ‘ஸ்டார்ட் அவுட்’ என்றால் ஒன்றாகத் தொடங்கியது பின்னர் வேறாக மாறியது என்ற குறிப்பு பெரும்பாலும் உடன் வரும். ‘ஃபார் அ ஸ்டார்ட்’ என்பது காரணங்களை அடுக்கும்போது ‘முதலாவதாக’ என்பதற்கு ஈடு.

ஓட்டப்பந்தயம் இச்சொல்லுக்கு அளித்த தொடர்கள் பல. துப்பாக்கி வெடிக்கும்முன் பாய்வது ‘ஃபால்ஸ் ஸ்டார்ட்’. ஒலி கேட்டு 0.1 வினாடிக்குள் அசைந்தாலும் அது அவ்வாறே கருதப்படும். ஒரே ஒரு முறை தவறினாலும் வெளியேற்றம் என்ற விதி 2010-இல் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டே தென் கொரியாவின் தேகு நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் 100 மீட்டர் இறுதிச் சுற்றில் உசைன் போல்ட் அவ்வாறு வெளியேற்றப்பட்டார். துள்ளுதல் என்ற பழைய பொருளை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சி வேறில்லை. பிறரைவிட முந்திக் கிடைக்கும் அனுகூலத்தை ‘ஹெட் ஸ்டார்ட்’ என்பதும், எடுபடவே வாய்ப்பில்லாத யோசனையை ‘நான்-ஸ்டார்ட்டர்’ என்பதும் பந்தயக் களத்திலிருந்து பொதுவழக்குக்கு வந்தவையே.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. ‘ரெட்ஸ்டார்ட்’ என்றொரு பறவை உண்டு. அப்பெயரில் உள்ள ‘ஸ்டார்ட்’ வாலைக் குறிக்கும் வேறொரு பழஞ்சொல். செவ்வால் பறவை என்பதே பொருள். அங்கே துள்ளலையோ தொடக்கத்தையோ தேட வேண்டாம்.