கான்கிரீட் தளத்தில் விரிசலா? முதலில் மட்டத்தைப் பாருங்கள்
கார் ஏறும் கான்கிரீட் தளத்தில் விரிசல் விழுந்தால் எல்லாரும் அகலத்தைத்தான் பார்ப்பார்கள். அதைவிட மட்டம் முக்கியம். விரிசலுக்குக் குறுக்கே நேரான கட்டை ஒன்றை வையுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அடிமண் இறங்கியிருக்கிறது. மேலே எதைப் பூசினாலும் நிற்காது. ஒரு பக்கம் தூக்கியிருந்து அருகில் மரமும் இருந்தால், பெரும்பாலும் வேர்தான்.

மேலாக வலைபோலப் படர்ந்த மயிரிழைக் கோடுகள், மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்ததால் வருபவை. பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். தளம் போட்டபோது வேண்டுமென்றே வெட்டிவிட்ட நேர்கோட்டுக்குள்ளேயே ஓடும் விரிசலைக் கண்டுகொள்ள வேண்டாம். விரிசல் விழுந்தால் அங்கேயே விழட்டும் என்றுதான் அந்தக் கோடு போட்டது.

சந்தேகமாக இருந்தால் விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். சில மாதங்களில் கோட்டைத் தாண்டினால் அது இன்னும் வளர்கிறது. வளர்கிறதா இல்லையா என்று தெரியும்வரை சிமெண்ட் பூசி மூடாதீர்கள்.