ரயிலுக்கும் மலைப்பாதைக்கும் ஏற்ற கைத்தையல்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் பேருந்தில் எம்பிராய்டரி செய்யலாமா என்று கேட்டால், அடிவாரம் வரை செய்யலாம் என்பதே என் பதில். அதற்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. குனிந்து தைத்தால் விரலில் குத்திக்கொள்வதோடு வாந்தியும் வரும். ஆகவே, பயணத்துக்கென ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது, நினைத்த நொடியில் நிறுத்திப் பைக்குள் வைக்க முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அவ்வாறு பார்த்தால், மேட்டி துணியில் கட்டம் எண்ணிப் போடும் குறுக்குத் தையல் ஒத்துவராது; சென்னை ரயிலில் ஜோலார்பேட்டை வந்து, தேநீருக்குக் கை நீட்டுவதற்குள் எண்ணிக்கை தவறிவிடும். கைக்குட்டையின் ஒரு மூலை, ரவிக்கைக் கைக்கான பட்டை, குழந்தையின் சட்டையில் பிறகு வைத்துத் தைக்கக்கூடிய சிறு பூ ஆகியவை பொருத்தமானவை. சங்கிலித் தையலும் காம்புத் தையலும் ரயில் குலுங்கினாலும் பெரிதாகக் கெடுவதில்லை. சாட்டின் தையலில் இழைகள் ஒட்டி ஒட்டி விழ வேண்டியிருப்பதால், அதை வீட்டுக்கென விட்டுவிடுவது நல்லது.

வரைபடத்தை வீட்டிலேயே துணியில் ஏற்றிவிட வேண்டும். தண்ணீரில் மறையும் பேனா ஈரம் பட்டால் மங்கும் என்பதால் ஏற்காட்டு மூடுபனிக்கு உகந்ததல்ல. தானாக மறையும் ஊதா நிறப் பேனாவின் கோடு ஓரிரு நாளில் போய்விடும். சூட்டில் மறையும் பேனாவோ, சித்திரை வெயிலில் சேலத்தில் நிறுத்திய காருக்குள் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கூர்மையாகச் சீவிய பென்சிலோ கார்பன் தாளோ போதும்.

நூலை அளவாக எடுத்துச் செல்லுங்கள். வழக்கமான ஆறு இழைச் சிட்டம் ஒன்றில் 8 மீட்டர் நூல் இருக்கும். அதை 18 அங்குலத் துண்டுகளாக, அதாவது ஏறக்குறைய விரல் நுனியிலிருந்து முழங்கை வரையிலான நீளத்தில் வெட்டினால் 17 துண்டுகள் கிடைக்கும். இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் ஒரே சிட்டத்தில் 51 முறை ஊசி கோக்கலாம். முதல் பயணத்துக்குப் பன்னிரண்டு நிறங்களைச் சுமந்து சென்ற நான் தொட்டது மூன்றைத்தான். ஓடும் ரயிலில் ஊசியின் காதில் நூலை நுழைப்பது பெரும்பாடு என்பதால், புறப்படும் முன்பே ஐந்து ஊசிகளில் நூல் கோத்து ஒரு கம்பளித் துண்டில் வரிசையாகக் குத்திவைத்துக்கொள்ளுங்கள். மூடியின் உட்புறம் சிறு காந்தம் ஒட்டிய தகர மிட்டாய் டப்பா, கத்தரி, வெட்டிய நூல் துணுக்குகளைப் போட ஒரு உறை ஆகியவற்றைச் சேர்த்தால் பை நிறைவு பெறும். சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்திலிருந்து விமானம் ஏறுவோர் கத்தரியைக் கையில் கொண்டுபோகாமல், ஒப்படைக்கும் பெட்டிக்குள் வைத்துவிடலாம்.

துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையம் நான்கு அல்லது ஐந்து அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பெரிய வளையம் பக்கத்து இருக்கைக்காரரின் விலாவில் இடிக்கும். தைத்து முடித்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். இல்லையெனில் துணியில் வட்டத் தடம் பதிந்துவிடும். மலையில் தங்கும் இரவுகளில் ஊசியைத் துணியிலேயே குத்தி வைக்காதீர்கள். குளிர்ந்த ஈரக் காற்றில் ஊசி துருப்பிடித்தால், அந்தக் கறை எளிதில் போகாது. துணியும் ஈரமாக இருந்தால், நெகிழிப் பையில் அடைக்காமல் சற்று உலர விடுங்கள்.

கூரிய ஊசியே வேண்டாம் என்போருக்குக் குரோஷா இருக்கிறது. ஒரு நூல் கண்டும் ஒரு கொக்கி ஊசியும் போதும். கொக்கியிலுள்ள கண்ணியைச் சற்றுப் பெரிதாக இழுத்து விட்டால், எந்த இடத்திலும் நிறுத்தலாம்.

ரயிலிலிருந்து இறங்கும் முன் ஊசிகளை எண்ணிப் பாருங்கள். வெறுங்காலுடன் ஏறும் குழந்தைகள் அதே இருக்கைக்கு வருவார்கள். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால், டப்பா மூடியிலுள்ள காந்தத்தை இருக்கை இடுக்குகளிலும் தரையிலும் மெல்ல ஓட்டினால் ஊசி வந்து ஒட்டிக்கொள்ளும்.