ஹெச்பிவி தடுப்பூசி: பல்கலைக்கழக மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலுறவு வழியே பரவி, கருப்பைவாய்ப் புற்றுநோய் போன்றவற்றை உண்டாக்கக்கூடிய மனித பாப்பிலோமா வைரஸின் சுருக்கப் பெயரே ஹெச்பிவி. அந்தப் பெயரை மாணவர்கள் பலரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். ஆனால் அது எப்படிப் பரவுகிறது, தடுப்பூசி எதைத் தடுக்கிறது என்று கேட்டால் பதில் தடுமாறுகிறது. பெயர் தெரிந்திருப்பதையே விழிப்புணர்வு என்று எண்ணிக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

எனக்கு மிகுந்த கவலை தருவது, "பள்ளி வயதிலேயே போட்டிருக்க வேண்டும், இனிப் பயனில்லை" என்று கைவிட்டுவிடும் மனநிலை. வைரஸ் உடலை எட்டுவதற்கு முன்பே எதிர்ப்பாற்றல் உருவாகியிருக்க வேண்டும் என்பதால், 9 முதல் 14 வயதுக்குள் போடுவதே மிகச் சிறந்தது என்பது உண்மைதான். ஆயினும் சில நாடுகளில் 26 வயது வரை இது பரிந்துரைக்கப்படுகிறது. ஒன்பது வகை வைரஸ்களைத் தடுக்கும் ஊசியைப் போட்டுக்கொள்பவருக்கு அவற்றுள் ஒன்று ஏற்கெனவே தொற்றியிருந்தால், அந்தத் தொற்றை ஊசி குணப்படுத்தாது; ஆனால் இதுவரை தொற்றாத வகைகளிலிருந்து காக்கும்.

இது பெண்களுக்கு மட்டுமான ஊசி என்று ஆண்கள் ஒதுங்குவதும் தவறு. தொண்டை, ஆசனவாய், ஆண்குறி ஆகியவற்றில் வரும் புற்றுநோய்களுக்கும் இந்த வைரஸ் காரணமாகிறது. பிறப்புறுப்பு மருக்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு 6, 11 என்று எண்ணிடப்பட்ட ஹெச்பிவி வகைகளால் வருபவை.

ஊசி கேட்டால் ஒழுக்கத்தைச் சந்தேகிப்பார்கள் என்ற கூச்சத்தால் மருத்துவரிடம் வாய் திறக்காதவர்களும் உண்டு. பாலுறவில் ஈடுபடுவோரில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் தொற்றும் வைரஸ் இது. ஒரே துணையுடன் வாழ்பவருக்கும் வரக்கூடும், இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

ஊசி போட்டாயிற்று, இனிக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை வேண்டாம் என்று பெண்கள் முடிவுசெய்வது ஆபத்தானது. கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 விழுக்காட்டுக்கு 16, 18 ஆகிய வகைகளே காரணம் என்றாலும், தடுப்பூசியில் அடங்காத வகைகளும் இருப்பதால், உரிய வயதில் பரிசோதனையைத் தொடர வேண்டும்.

டோஸ் கணக்கை நண்பர்களிடம் கேட்டு முடிவுசெய்யக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 20 வயது வரை ஒன்று அல்லது இரண்டு டோஸ்களும், 21 வயதிலிருந்து ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ்களும் போதும். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு மூன்று டோஸ்கள் போடுவது நல்லது. நாட்டுக்கு நாடு அட்டவணை மாறுவதால், மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதே சரி.

இந்த ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது, வைரஸின் மேலுறைப் புரதம் மட்டுமே உள்ளது. எனவே அதனால் தொற்று வராது. மேல்கையில் ஓரிரு நாள் வலிக்கும். இளவயதினர் சிலருக்கு ஊசி போட்டவுடன் மயக்கம் வரலாம் என்பதால், சட்டைக் கையை இறக்கிவிட்ட கையோடு வகுப்புக்கு ஓடாமல், 15 நிமிடம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.