அயர்லாந்தின் தொன்மையும் இசையும் பார்க்கப் பயணம் திட்டமிடுவது எப்படி?

பத்து நாள் அயர்லாந்து போகிறவர்கள் பெரும்பாலும் தீவை ஒரு சுற்று சுற்றிவிடத் திட்டம் போடுகிறார்கள். தினம் ஒரு ஊர், தினம் நான்கு மணி நேரம் கார். பச்சை மலைப் படங்கள் நிறையச் சேரும். அந்த மக்களின் இசையும் மொழியும் ஐயாயிரம் ஆண்டுக் கற்களும் கைக்கு வராமலே போய்விடும். நல்ல இசை இரவு ஒன்பதரைக்குத்தான் தொடங்குகிறது. முக்கியமான தொல்லிடங்களுக்கோ நேரம் குறித்த முன்பதிவுச் சீட்டு வேண்டும். அதனால் ஊர்களை முதலில் தேர்ந்தெடுக்காதீர்கள். நாளும் நேரமும் மாறாதவற்றை முதலில் உறுதி செய்யுங்கள், ஊர்கள் தானாக அமையும்.

விமான டிக்கெட் தேடுவதும் அறை பிடிப்பதும் உங்களுக்குத் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: ஒரு நாடா, இரண்டு நாடா என்று முடிவு செய்யுங்கள்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தீவின் பெரும்பகுதி அயர்லாந்து குடியரசு. வடகிழக்கில் உள்ள வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. குடியரசில் யூரோவும் கிலோமீட்டரும், வடக்கே பவுண்டும் மைலும். இரண்டுக்கும் நடுவே சாலையில் தடுப்போ சோதனைச் சாவடியோ கிடையாது. இந்தத் தடையின்மைதான் பலரை ஏமாற்றுகிறது. எல்லையில் யாரும் கேட்கவில்லை என்பதால் விசா வேண்டாம் என்று ஆகிவிடாது. டப்ளினில் ஏறும் ஒருநாள் சுற்றுலாப் பேருந்து பெல்ஃபாஸ்ட்டுக்கும் ஜயன்ட்ஸ் காஸ்வே எரிமலைக் கல்தூண்களுக்கும் போகிறது என்றால், நீங்கள் பிரிட்டனுக்குள் போகிறீர்கள். அயர்லாந்து விசா மட்டும் கையில் இருந்தால் அது சட்டமீறல்.

ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவும் உதவாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அயர்லாந்து ஷெங்கனில் இல்லை.

இந்தியாவில் வசித்துக்கொண்டு இங்கிருந்தே விண்ணப்பிக்கும் இந்தியக் குடிமக்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம் என்று அதற்குப் பெயர். உங்கள் குறுகியகால விசாவில் ‘பிஐவிஎஸ்’ (BIVS) என்ற குறிப்பு அச்சாகியிருந்தால் ஒரே விசாவில் இரண்டு பக்கமும் போகலாம். ஆனால் விசா கொடுத்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும். ஐரிஷ் விசா என்றால் முதலில் டப்ளின். பாஸ்போர்ட் திரும்பி வந்ததும் அந்த நான்கு எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, அதன்பிறகே வடக்கே அறை பதிவு செய்யுங்கள்.

விண்ணப்பம் ஆன்லைனில். நிரப்பி முடித்ததும் வரும் சுருக்கத் தாளை அச்செடுத்துக் கையெழுத்திட்டு ஆவணங்களோடு கொடுக்க வேண்டும். ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை கேட்பார்கள். அதில் திடீரென்று பெரிய தொகை ஏறியிருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று விளக்கக் கடிதமும் சான்றும் இணையுங்கள். நிலம் விற்றது, வைப்புநிதி முதிர்ந்தது, எதுவானாலும் சரி. பணம் இருந்தால் போதும் என்று நினைப்பது தவறு. வந்த வழி தெரியாத பணம் விண்ணப்பத்துக்குக் கேடு. பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். விசா கைக்கு வரும்வரை பணம் திரும்பாத டிக்கெட் வாங்க வேண்டாம். துபாய், அபுதாபி, தோஹா வழியாக டப்ளினுக்கு விமானம் உண்டு. லண்டன் வழி மலிவு டிக்கெட் கண்ணில் பட்டால், பிரிட்டனின் ட்ரான்சிட் விதியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 2: நியூகிரேஞ்ச் சீட்டை முதலில் வாங்குங்கள்

டப்ளினுக்கு வடக்கே, மீத் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது), போயின் ஆற்றங்கரையில் இருக்கிறது நியூகிரேஞ்ச். கி.மு. 3200 வாக்கில் எழுப்பிய கல்லறை மேடு. கீசாவின் பிரமிடுகளைவிட மூத்தது. நுழைவாயிலுக்கு மேலே சிறு சாளரம் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆண்டின் மிகக் குறுகிய பகலை ஒட்டிய நாட்களில், சூரியன் உதித்ததும் அந்தச் சாளரம் வழியே கதிர் நுழைந்து, 19 மீட்டர் நீளப் பாதையைக் கடந்து உள்ளறையைத் தொடும். 17 நிமிடம் இருந்துவிட்டு விலகும். அகழ்வாய்வு செய்த பேராசிரியர் ஓ’கெல்லி 1967 டிசம்பர் 21 அன்று உள்ளே காத்திருந்து இதைக் கண்டார்.

அந்த டிசம்பர் விடியலுக்குக் குலுக்கல் முறையில்தான் இடம். மற்ற நாட்களில் வழிகாட்டிகள் விளக்கை அணைத்துவிட்டு மின்னொளியால் அதைச் செய்து காட்டுவார்கள். அந்தச் சில நொடி முழு இருட்டே போன பயனைத் தந்துவிடும்.

இங்கே மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. முதலாவது, சீட்டில் பல வகை உண்டு. கண்காட்சிக்கு மட்டுமான சீட்டு மலிவாக இருக்கிறதே என்று வாங்கினால் கல்லறைக்குள் போக முடியாது. ‘சேம்பர்’ என்று எழுதியிருப்பதையே எடுங்கள், கோடையில் அதுதான் முதலில் தீரும். இரண்டாவது, கார் ஜிபிஎஸ்ஸில் ‘நியூகிரேஞ்ச்’ என்று போட்டால் ஆற்றின் தப்பான கரையில் கொண்டுபோய் விடும். எல்லாரும் தென்கரையில், டோனோர் ஊரை அடுத்த ‘ப்ரூ நா போயின்’ பார்வையாளர் மையத்துக்கே வர வேண்டும். அங்கிருந்து அவர்களுடைய பேருந்து கூட்டிப்போகும். மூன்றாவது, பெரிய பையோடு போவது. உள்பாதை குறுகலானது, கூரையும் தாழ்வு. பையை உள்ளே விடமாட்டார்கள், படமும் எடுக்க முடியாது.

நேரம் இருந்தால் பக்கத்தில் உள்ள நௌத் கல்லறை மேட்டையும் சேருங்கள். கல்லில் செதுக்கிய சுருள்களுக்கு அதுதான் இடம்.

படி 3: ஸ்கெல்லிக் மைக்கேல் வேண்டுமா என்று இப்போதே சொல்லுங்கள்

கெர்ரி கவுண்டியின் கடலுக்குள் செங்குத்தாக நிற்கும் பாறைத் தீவு. உச்சியில் பழங்காலத் துறவிகளின் தேன்கூடு வடிவக் கல்குடில்கள். கரையிறக்கும் படகுகள் மே நடுவிலிருந்து செப்டம்பர் முடிவு வரைதான். நாளுக்குச் சுமார் 180 பேர். கோடைக்கான இடங்கள் ஆண்டின் தொடக்கத்திலேயே போய்விடும்.

சீட்டு கிடைத்தாலும் கடல் கொந்தளித்தால் அன்று காலைதான் ரத்து என்று சொல்வார்கள். எனவே படகு கிளம்பும் போர்ட்மகீ பக்கம் இரண்டு நாள் வைத்து, படகை முதல் நாளில் போடுங்கள். மேலே 618 கற்படிகள், கைப்பிடி கிடையாது. மூட்டுவலி உள்ளவர்களும் சிறு குழந்தைகளும் இறங்காமல் சுற்றிவரும் படகில் போவதே நல்லது.

படி 4: இரவுகளை இசைக்கு ஒதுக்குங்கள்

மேடையும் டிக்கெட்டும் உள்ள கச்சேரி வேறு, ‘செஷன்’ வேறு. செஷன் என்பது பப்பின் ஒரு மூலையில் கலைஞர்கள் வட்டமாக அமர்ந்து தங்களுக்காக வாசிப்பது. பிடில், விசில் என்னும் சிறு குழல், கான்செர்டினா என்னும் கைத்துருத்திப் பெட்டி, பௌரான் என்னும் தோல்கருவி. நம் கஞ்சிராவுக்கு உடும்புத்தோல் என்றால், பௌரானுக்கு ஆட்டுத்தோல். அளவில் பெரியது, குச்சியால் வாசிப்பார்கள். இல்லன் பைப் இருந்தால் அருகே போய்ப் பாருங்கள். வாயால் ஊதாமல் முழங்கைக்கு அடியில் துருத்தியை அழுத்தி வாசிக்கும் கருவி. கூடவே ஒலிக்கும் சுருதி நம் காதுக்கு உடனே பழகிவிடும்.

காலியாகத் தெரியும் வட்ட நாற்காலியில் உட்காராதீர்கள், அது வரவிருக்கும் கலைஞருக்கானது. தாளம் போட்டுக் கைதட்ட வேண்டாம். வீடியோ எடுக்கும் முன் கேளுங்கள். ஒருவர் கண்ணை மூடித் துணையிசை இல்லாமல் பாடத் தொடங்கினால் அது ‘ஷான் நோஸ்’ என்னும் பழைய பாட்டுமுறை. அறை முழுக்க அமைதியாகும், நீங்களும் தம்ளரைக் கீழே வைத்துவிடுங்கள். மது அருந்தாதவர்கள் தேநீரோடு உட்காரலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

டப்ளினில் சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் டெம்பிள் பார் பகுதியைவிட ஸ்மித்ஃபீல்டில் உள்ள காபிள்ஸ்டோன் பப் பல மடங்கு மேல். முழுதாக மூழ்க வேண்டுமானால் கிளேர் கவுண்டி: எனிஸ், டூலின், மில்டவுன் மால்பே. ஜூலைத் தொடக்கத்தில் மில்டவுன் மால்பேயில் வில்லி கிளான்சி கோடைப்பள்ளி என்னும் மரபிசை வாரம் நடக்கும். அந்த வாரம் அறை கிடைப்பது அரிது.

படி 5: மூன்று இடத்தில் மட்டும் தங்குங்கள்

டப்ளின் மூன்று இரவு, கிளேர் அல்லது கால்வே மூன்று, கெர்ரி மூன்று. டப்ளினில் கில்டேர் தெரு தேசிய அருங்காட்சியகம் இலவசம். அங்குள்ள பழங்கால ஆர்டா கிண்ணத்தையும் டாரா புரூச் என்னும் ஆடை ஊசியையும் விட்டுவிடாதீர்கள். டிரினிட்டி கல்லூரியின் கெல்ஸ் நூல், கி.பி. 800 வாக்கில் எழுதிய சித்திர வேலைப்பாடுள்ள பைபிள் சுவடி, அதற்கு நேரம் குறித்த சீட்டு வேண்டும்.

டப்ளினில் கார் வேண்டாம், பாரம்தான். ரயிலில் கால்வே போய் அங்கே எடுங்கள். நம்மைப் போலவே இடப்பக்க ஓட்டம் என்பது நிம்மதி. ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். அந்தக் கார்டு தரும் காப்பீட்டை நம்பினால், அயர்லாந்துக்கு அது செல்லுமா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். டப்ளினைச் சுற்றும் எம்50 சாலையில் சுங்கச்சாவடி கிடையாது, கேமரா மட்டும். மறுநாள் இரவு 8 மணிக்குள் ஆன்லைனில் கட்டாவிட்டால் அபராதம்.

சிறு கல்வட்டங்களையும் ஓகம் என்னும் பழைய ஐரிஷ் எழுத்து பொறித்த கற்களையும் தேட, அரசின் 1:50,000 அளவு அச்சு வரைபடமே சிறந்தது. தொல்சின்னங்களைச் சிவப்பில் குறித்திருப்பார்கள், சிக்னல் இல்லாத மலையிலும் உதவும். பல சின்னங்கள் தனியார் வயலில் உள்ளன. அனுமதி கேட்டு நுழையுங்கள், நீங்கள் திறந்த வாயிற்கதவை மூடிவிடுங்கள்.

பின்சேர்க்கை: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

வட அயர்லாந்தில் தமிழர்களுக்கு என்ன இருக்கிறது? திராவிட மொழிகளை ஒப்பிட்டு ஆராய்ந்து, இடையன்குடியில் வாழ்ந்த ராபர்ட் கால்டுவெல் 1814-இல் பிறந்தது ஆன்ட்ரிம் கவுண்டியில். காஸ்வேயும் அதே கவுண்டிதான்.

சைவ உணவு? ‘வெஜிடபிள் சூப்’ என்று எழுதியிருந்தாலும் கோழி வடிநீரில் கொதித்திருக்கலாம்; ‘ஸ்டாக் எது?’ என்று கேட்டுவிடுங்கள். பப் சமையலறை ஒன்பது மணியோடு மூடும், முன்பே சாப்பிட்டுவிட்டு இசைக்கு உட்காருங்கள்.

ஐரிஷ் பேசும் பகுதிகளில் சாலைப் பலகை ஐரிஷில் மட்டும் இருக்கும். கெர்ரியின் டிங்கிள் ஊருக்கு ஐரிஷில் ‘டாங்கன் ஈ கூஷ்’, சுருக்கமாக ‘அன் டாங்கன்’. ஊர்ப்பெயரை இரு வடிவிலும் குறித்துக்கொள்ளுங்கள். கழிவறைக் கதவில் ‘ஃபிர்’ என்றால் ஆண்கள், ‘ம்னா’ என்றால் பெண்கள். F, M என்ற முதல் எழுத்தை மட்டும் பார்த்து ஆங்கிலம் என்று நினைத்து நுழைந்தால் சரியாக எதிர்க்கதவில் போய் நிற்பீர்கள்.