சூரிய மின் நிலையம் வருகிறதா? வேலிக்கல் ஊன்றுமுன் ஊரைக் கூட்டுங்கள்

நில அளவைத் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். பெரும்பகுதி இராமநாதபுரம் மாவட்டத்தின் முதுகுளத்தூர், கடலாடி, கமுதி வட்டங்களில். ஓய்வு பெற்ற பிறகும் ஊர்க்காரர்கள் புலப்படத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நிற்பது குறையவில்லை. முன்பெல்லாம் வரப்புத் தகராறுக்காக வருவார்கள். இப்போது வருகிறவர்கள் கேட்பது வேறு: "ஐயா, எங்கள் ஊரில் சோலார் வரப்போகிறதாம். தரகர்கள் அலைகிறார்கள். எங்களை எப்போது கூப்பிட்டுக் கருத்துக் கேட்பார்கள்?"

கூப்பிட மாட்டார்கள் என்பதுதான் பதில். இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் மிச்சம். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் அனல்மின் நிலையம் இருக்கிறது, சுரங்கம் இருக்கிறது. சூரிய ஒளித் தகடுகளைப் பதிக்கும் மின் நிலையம் இல்லை. எனவே மாவட்ட ஆட்சியர் தலைமையில் பந்தல் போட்டு நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டம் இதற்குக் கட்டாயமில்லை. 2016-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இதை வெள்ளை வகைத் தொழிலாக வைத்துவிட்டது. புகை இல்லை, கழிவுநீர் இல்லை என்ற அளவில் அது சரிதான். ஆனால் நிலம் இருக்கிறதே! ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் வேண்டும். 2016-இல் கமுதி அருகே அமைந்த 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் பரந்திருக்கிறது. இத்தனை நிலத்தின் மேல் விழும் மழை எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்க எந்தப் படிவத்திலும் இடமில்லை. அதை ஊர்தான் கேட்க வேண்டும், ஊர்தான் கூட்டம் போட வேண்டும்.

சூரிய மின்சாரத்துக்கு நான் எதிரியல்ல. வானம் பார்த்த பூமியில், மூன்று வருடத்துக்கு ஒரு வருடம் பொய்க்கும் மிளகாய் வெள்ளாமையை நம்பி இருப்பவனுக்கு ஆண்டுதோறும் வரும் குத்தகைப் பணம் பெரிய நிம்மதி. ஆனால் என் சொந்த ஊருக்கு மேற்கே அறுபது ஏக்கரில் ஒரு சிறிய நிலையம் வந்தபோது நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. நிலத்தைச் சமன்படுத்தினார்கள், சுற்றிலும் வேலி போட்டார்கள். அந்த ஐப்பசியில் நல்ல மழை. பக்கத்து ஊர்க் கண்மாய்களெல்லாம் நிரம்பிக் கலுங்கு தாண்டின. எங்கள் கண்மாயில் முழங்கால் தண்ணீர். போய்ப் பார்த்தால், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் நுழைய வேண்டிய இடத்தில் வேலியை ஒட்டி ஒரு மண்மேடு. தண்ணீர் அதில் முட்டி, திரும்பி, தார்ச்சாலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அந்த ஊரின் நிலத்தை அளந்தவனே நான்தான். என் கண்ணுக்கே முன்கூட்டி அது படவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காகிதம்

தரகர் வாயால் சொல்லும் ஏக்கர் கணக்கை நம்பாதீர்கள். எந்தெந்த சர்வே எண்கள் என்று கேளுங்கள். சொல்லமாட்டார். அப்படியானால் நீங்களே தேடுங்கள். பதிவுத் துறை இணையதளத்தில் சர்வே எண் வாரியாக வில்லங்கம் பார்த்தால், கடந்த ஓரிரு ஆண்டுகளில் கைமாறிய நிலங்களும் பதிவான குத்தகைகளும் தெரிந்துவிடும். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடம் இருக்கும். ஒவ்வொரு சர்வே எண்ணின் பரப்பும் வகையும் எழுதியிருக்கும் அ-பதிவேட்டை இணையத்திலேயே பார்க்கலாம். அதில் பரப்பு ஹெக்டேரில் இருக்கும், தரகர் ஏக்கரில் பேசுவார். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒன்று, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. "சோலார் பற்றிய எல்லா விவரமும் தருக" என்று எழுதினால் ஒன்றும் வராது. நில உச்சவரம்புக்கு மேல் நிலம் வைத்துக்கொள்ள இந்தக் கிராமத்தில் எந்த நிறுவனமாவது அனுமதி கேட்டிருக்கிறதா, கேட்டிருந்தால் விண்ணப்பத்தின் நகல். புறம்போக்கு நிலம் எதையாவது குத்தகைக்கோ நில மாற்றத்துக்கோ கோரியிருக்கிறார்களா, கோரியிருந்தால் சர்வே எண். ஊராட்சியிடம் கட்டட அனுமதி கேட்டு வந்த கடிதத்தின் நகல். இப்படித் துண்டு துண்டாகக் கேளுங்கள். உச்சவரம்பு விண்ணப்பம் ஒன்று கையில் கிடைத்தால் போதும், முழு நிலப் பட்டியலும் அதனோடு இணைந்திருக்கும்.

பிறகு வரைபடம்

எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே இதை முடித்துவிட வேண்டும். கிராம வரைபடத்தைப் பெரிதாக நகலெடுத்துப் பள்ளிக்கூடத் திண்ணையில் விரித்து, நான்கு மூலையிலும் கல் வையுங்கள். திட்டத்துக்கான சர்வே எண்களுக்குச் சிவப்பு. கண்மாய், ஊருணி, ஓடை, வரத்துக்கால் எல்லாம் நீலம். வண்டிப்பாதை, சுடுகாட்டுப் பாதை, மேய்ச்சல் புறம்போக்கு பச்சை. சிவப்பும் நீலமும் தொடும் இடம்தான் உங்கள் கூட்டத்தின் முதல் பொருள்.

ஆனால் வரைபடத்தில் இல்லாத நீலமும் உண்டு. இதைச் சர்வேயர்கள் அறிவோம், சொல்வதில்லை. எங்கள் சீமையில் நிலம் கிட்டத்தட்டத் தட்டை. நான்கு விரல் ஆழப் பள்ளம் கூட மழைக்காலத்தில் ஓடையாகிவிடும். கோடையில் அளக்கப் போனவன் கண்ணுக்கு அது பட்டா நிலமாகத்தான் தெரியும். முதுகுளத்தூர் பக்கம் ஒரு ஊரில் இப்படி வரைபடம் விரித்திருந்தோம். கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குத் திருப்பிவிடும் நீர்ப்பாய்ச்சியாக இருந்த பெரியவர் ஒருவர், எண்பது வயதிருக்கும், வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பினார். கண்மாய் தன் முழங்கால் பக்கம் வந்தபின்தான் அவருக்குத் தடம் பிடிபட்டது. சுட்டுவிரல் நகத்தால் ஐந்து பட்டா நிலங்களின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். தாளில் எதுவுமே இல்லாத இடம். "இங்கேதான் தண்ணீர் வரும். இந்தப் பனைக்கும் அந்தக் கருவேலுக்கும் நடுவில்" என்றார். மறுநாள் போய் மட்டம் பார்த்தோம். அந்தக் கோட்டின் நெடுக மண் தாழ்ந்திருந்தது.

அப்படிக் கிடைக்கும் ஒவ்வொரு கோட்டையும் நீலத்தில் விட்டு விட்டு வரையுங்கள். சொன்னவர் பெயர், தேதி, கையெழுத்து அல்லது கைநாட்டு. அலைபேசியில் இடக்குறியோடு படம். மழையில் எடுத்த பழைய படம் யாரிடமாவது இருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

பறவைகளையும் விட்டுவிடாதீர்கள். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர் – கீழச்செல்வனூர் சரணாலயங்கள் இந்தப் பக்கம்தான் இருக்கின்றன. அவற்றின் அருகில் உள்ள ஊர் என்றால் வனத்துறைக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள்.

பட்டாவில் பெயர் இல்லாதவர்கள்

தரகர் பட்டாதாரரோடு மட்டும் பேசுவார். ஊர் எல்லோரோடும் பேச வேண்டும். ஆட்டுக்கிடை போடும் கீதாரி, சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுபவர், விளைச்சலில் பங்குக்கு (வாரத்துக்கு) உழுபவர், விறகு பொறுக்கும் மூதாட்டி, இவர்கள் யாருக்கும் அந்த நிலத்தில் ஒரு சென்ட் கிடையாது. ஆனால் வேலி போட்ட மறுநாள் இவர்களுக்குத்தான் அடுப்பு எரியாது. மூட்டம் எரியும் நாள்களில் இரவு பகல் காவல் வேண்டும், கூட்டத்துக்கு வர இயலாது. ஆகவே இரண்டு மூன்று பேர் மூட்டத்தடிக்கே போய்க் கேட்டு எழுதி வாருங்கள். பெண்களை மகளிர் குழுக் கூட்டத்தில் தனியாகக் கேளுங்கள். கிராம சபையில் பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம்தான், எந்தப் பாதை அடைபட்டால் தண்ணீர்க் குடத்தோடு எத்தனை தூரம் சுற்ற வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது.

நிலம் கொடுக்க விரும்புபவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். கடன்பட்டவன் விற்கத்தான் பார்ப்பான். அவனைத் துரோகி என்று சபையில் சொன்னால் ஊர் இரண்டாகும், வேலை கெடும். பவர் பத்திரம் மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். குத்தகை என்றால் இருபத்தைந்து, முப்பது ஆண்டு. பேரன் காலம் வரை போகும். ஆண்டுக்கு எவ்வளவு கூடும், நிறுவனம் கைமாறினால் யார் கொடுப்பார், முடியும்போது தகட்டையும் காங்கிரீட் அடித்தளத்தையும் யார் அகற்றுவார், எல்லாம் பதிவுசெய்த ஆவணத்தில் இருக்க வேண்டும்.

கிராம சபை

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாள்களில் எது அருகில் இருக்கிறதோ அதற்கு முன்பே, திட்டத்தைக் கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லி எழுத்து மூலம் ஊராட்சிக்குக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாயால் சொன்னது நிற்காது. உடனே வேண்டுமென்றால் சிறப்புக் கிராம சபை கேட்டு வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஆட்சியருக்கும் மனு. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் குறைவெண் நிறையும்; நூற்றைம்பது பேரைத் திரட்டுங்கள். வருகைப் பதிவில் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டபின் உட்காரட்டும்.

நிறுவனத்தாரையும் கிராம நிர்வாக அலுவலரையும் எழுத்தில் அழையுங்கள். வராவிட்டால் "அழைத்தும் வரவில்லை" என்று தீர்மானப் பதிவேட்டில் ஏற வேண்டும். வந்தால் வரைபடத்தை நடுவில் வைத்துக் கேளுங்கள். தகடு கழுவத் தண்ணீர் எங்கிருந்து, ஒரு தடவைக்கு எத்தனை லாரி? ஆழ்துளைக் கிணறு போடுவீர்களா? கட்டுமானம் முடிந்தபின் எத்தனை பேருக்கு வேலை, எத்தனை ஆண்டு, யார் வழியாகச் சம்பளம்? புல் வளராமல் மருந்து அடிப்பீர்களா? மின்கம்பி எந்தத் தடத்தில் துணைமின் நிலையத்துக்குப் போகும்? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தகடு ஒரு ஊரில், உயர்மின் கோபுரம் அடுத்த ஊர்க்காரன் வயலில். கம்பி போகும் ஊரையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள்.

தீர்மானத்தை "திட்டத்தை எதிர்க்கிறோம்" என்று ஒற்றை வரியில் எழுதாதீர்கள். தனியார் தம் பட்டா நிலத்தை விற்பதைக் கிராம சபைத் தீர்மானம் தடுத்துவிடாது. இதை ஊருக்கு மறைக்கவும் கூடாது. ஆனால் புறம்போக்கு வேறு. அதை வேறு உபயோகத்துக்கு மாற்றுமுன் ஊரில் ஆட்சேபம் கேட்டு விளம்பரம் செய்வது வருவாய்த் துறை நடைமுறை. அந்தச் சமயத்தில் உங்கள் தீர்மானம் கோப்பில் இருக்க வேண்டும். எனவே சர்வே எண்ணோடு எழுதுங்கள்: இன்ன எண் ஓடையில் வேலி கூடாது, நீலக்கோடு செல்லும் இன்ன எண்களில் இத்தனை அடி அகலம் திறந்து விட வேண்டும், இன்ன வண்டிப்பாதை இன்றுள்ள அகலத்தில் இருக்க வேண்டும், வண்ணமிட்ட வரைபடம் இத்தீர்மானத்தின் பகுதி. பொதுநிலங்களைக் காப்பாற்றச் சொல்லி 2011-இல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஏரிகளைக் காக்க 2007-இன் தமிழ்நாட்டுச் சட்டமும் இருக்கிறது. இரண்டையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.

கூட்டம் முடிந்ததும் அங்கேயே தீர்மானப் பதிவேட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நகலை ஆட்சியர், கோட்டாட்சியர், வட்டாட்சியர், நீர்வளத் துறை, நிறுவனம் எல்லோருக்கும் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் பத்துப் பேராகப் போய் மனு எண் வாங்குங்கள். மாதாந்திர விவசாயிகள் கூட்டத்திலும், வருவாய்த் துறை ஆண்டுதோறும் கிராமக் கணக்கைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தியிலும் அதே மனு, அதே வரைபடம்.

நான் சொன்ன அந்தப் பெரியவரின் ஊரில், நிறுவனத்தின் பொறியாளர் தீர்மானத்தோடு வந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு நிலத்துக்கே வந்தார். நாங்கள் நாடா பிடித்தோம். பனைக்கும் கருவேலுக்கும் நடுவில் இருபது அடி விட்டு வேலியை இரண்டாகப் பிரித்தார்கள்; உள்பாதை தாண்டும் இடத்தில் மூன்று குழாய் வைத்துச் சிறுபாலம். ஒவ்வொரு புரட்டாசியிலும் அந்தக் குழாய்களில் அடைத்த மண்ணை வாரிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கினோம். சென்ற புரட்டாசியில் ஊரிலிருந்து இரண்டு பேர் போய் நின்று வாரச் சொன்ன பிறகுதான் வாரினார்கள்.