பீரோவுக்குள் கிடக்கும் கண்காட்சிகள்: ஒரு கலை மையத்தின் கண்காட்சி வரலாற்றை ஆவணப்படுத்துவது எப்படி?

1969-ல் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கண்காட்சித் தொகுப்பாளர் ஹரால்ட் ஸீமன் ஒரு கண்காட்சி நடத்தினார். கம்பி, கயிறு, உருகிய ஈயம் என்று எதையெல்லாமோ கலையாக வைத்ததில் ஊரே கொதித்தது. 2013-ல் அதே கண்காட்சியை வெனிஸில் ஒரு பழைய அரண்மனைக்குள் மறுபடி எழுப்பினார்கள். கிடைக்காமல் போன படைப்புகள் இருந்த இடத்தில் விட்டுவிட்டுக் கோடு போட்டுக் காட்டினார்கள். நாற்பத்து நான்கு வருடம் கழித்து இது எப்படி முடிந்தது? ஸீமனுக்குக் காகிதத்தைத் தூக்கிப் போடும் பழக்கம் கிடையாது, அவ்வளவுதான். அவருடைய கடிதங்கள், புகைப்படங்கள், பட்டியல்கள் எல்லாவற்றையும் 2011-ல் அமெரிக்காவின் கெட்டி (Getty) ஆய்வு நிறுவனம் வாங்கி வைத்திருந்தது.

நம்மூர்க் கலை மையங்களிலும் இந்தக் காகிதம் எல்லாம் இருக்கும். பெரும்பாலும் ஒரு இரும்பு பீரோவில், ரப்பர் பேண்ட் போட்டு, பழைய மின்கட்டண ரசீதுகளோடு சேர்ந்து. சென்னையில் ஒரு சிறிய மையத்தில் அப்படி ஒரு பீரோவோடு சில மாதங்கள் மல்லுக்கட்டிய அனுபவத்தில் இதை எழுதுகிறேன். நூலக அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு லேப்டாப்பும் ஒரு பென்சிலும் நிறையப் பொறுமையும் போதும்.

1. முதல் நாள் எதையும் அடுக்காதீர்கள்

நான் செய்த தவறு இதுதான். பீரோவைத் திறந்ததும் ஆர்வக் கோளாறில் எல்லாவற்றையும் ஓவியர் பெயர் வாரியாகப் பிரித்துவிட்டேன். தேதியில்லாத ஒரு புகைப்படக் கட்டு, எந்த அழைப்பிதழோடு ஒரே உறைக்குள் இருந்தது என்ற தடயம் அதோடு போயிற்று. காகிதங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கிடப்பதே ஒரு தகவல்.

அதனால் முதலில் ஒவ்வொரு தட்டையும் செல்போனில் படம் எடுங்கள். பெட்டிக்கும் ஃபைலுக்கும் பென்சிலால் எண் போடுங்கள். கிடந்த வரிசையை அப்படியே விட்டுவிடுங்கள். தேடுவதற்கான வரிசை கம்ப்யூட்டரில் வரப் போகிறது, பீரோவில் அது தேவையில்லை.

2. ஒரு கண்காட்சிக்கு ஒரு வரி, ஒரு எண்

எக்செல் போன்ற ஒரு ஷீட் போதும். ஓவியத்துக்கு ஒரு வரி என்று ஆரம்பித்தால் பத்தாவது நாளில் கைவிட்டுவிடுவீர்கள். கண்காட்சிக்கு ஒரு வரி என்று வையுங்கள். நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 1929 நவம்பரில் செசான், கோகன், ஸோரா, வான்கோ படைப்புகளோடு திறந்த முதல் கண்காட்சிக்கு எண் 1. 2016-ல் 3,500-க்கும் மேற்பட்ட கண்காட்சிகளின் ஆவணங்களை அவர்கள் இணையத்தில் திறந்துவிட்டார்கள்.

சின்ன மையத்துக்கு 1987-03 (1987-ன் மூன்றாவது கண்காட்சி) போல, ஆண்டும் வரிசை எண்ணும் சேர்ந்தது வசதி. பிறகு அதே ஆண்டில் இன்னொரு கண்காட்சி அகப்பட்டால் அடுத்த எண்ணைக் கொடுங்கள். கொடுத்த எண்ணை மாற்றவே கூடாது.

ஷீட்டில் வேண்டிய பத்திகள் (column): எண், தலைப்பு (அச்சிட்டபடியே, பிழையோடு), தொடக்க நாள், முடிவு நாள், எந்த அரங்கம், கலைஞர்கள், தொகுத்தவர், ஆதாரம், குறிப்பு. தேதியை 1987-03-14 என்று எழுதுங்கள். 03/04/87 என்று போட்டால் மார்ச்சா ஏப்ரலா என்று நீங்களே குழம்புவீர்கள்.

3. ஆண்டில்லாத அழைப்பிதழ்

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். "14 பிப்ரவரி, சனிக்கிழமை, மாலை 6 மணி, தேநீர் உண்டு" என்றிருக்கும். தேநீரை மறக்காதவர்கள் ஆண்டை மறந்துவிடுவார்கள். போன் காலண்டரில் பின்னால் போய்ப் பாருங்கள்: 1990 முதல் 2015 வரை பிப்ரவரி 14 சனிக்கிழமையில் வந்தது 1998, 2004, 2009, 2015. இருபத்தாறு வருடம் நான்காகச் சுருங்கிவிட்டது.

அப்புறம் முகவரி. ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல்தான் வந்தது. செல்போன் எண் அச்சாகியிருந்தால் 1995-க்கு முந்தையதாக இருக்க முடியாது. ஆங்கிலத்தில் "சென்னை" என்றிருந்தால் 1996-க்குப் பிறகு என்று கொள்ளலாம். ஆனால் தமிழ்ப் பக்கத்தை வைத்து அந்த முடிவுக்கு வராதீர்கள். தமிழில் அது எப்போதும் சென்னைதான். தபாலில் வந்த உறை இருந்தால் முத்திரையில் ஆண்டே இருக்கும். உறையைக் குப்பையில் போடாதீர்கள் என்று அங்கே எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன்.

இப்படிக் கணித்த ஆண்டைச் சதுர அடைப்புக்குள் [1998?] என்று போடுங்கள். அச்சில் இருந்ததையும் நீங்கள் ஊகித்ததையும் அடுத்து வருபவர் பிரித்தறிய வேண்டும்.

4. நடந்ததா என்று பாருங்கள்

அழைப்பிதழ் கண்காட்சிக்கு முன்பே அச்சாகிவிடுகிறது. அதன் பிறகு மழை, பந்த், தலைவர் மறைவு, ஓவியர் கடைசி நேரத்தில் விலகல் என்று எதுவும் நடக்கலாம். கூட்டம் நன்றாக வந்து ஒரு வாரம் நீட்டித்திருக்கவும் கூடும். கேட்லாகிலும் அப்படித்தான். அதில் இருக்கும் பன்னிரண்டு ஓவியங்களில் ஒன்பதுதான் சுவரில் தொங்கியிருக்கும்.

அழைப்பிதழைவிட நான் அதிகம் நம்புவது பேனாவால் அடித்துத் திருத்திய விலைப்பட்டியலை. அடுத்தது பார்வையாளர் பதிவேடு: கடைசிக் கையெழுத்தின் தேதி முடிவு நாளைச் சொல்லிவிடும். அதற்கடுத்து அரங்கப் புகைப்படம், பத்திரிகைச் செய்தி. "ஆதாரம்" பத்தியில் எதை வைத்து அந்தத் தேதியைப் போட்டீர்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதை விட்டால் மற்றதற்கு மதிப்பில்லை. அழைப்பிதழ் மட்டும்தான் கிடைத்தது என்றால் "அறிவிக்கப்பட்டது" என்று குறியுங்கள், "நடந்தது" என்று எழுதாதீர்கள்.

5. பெயர்கள்

1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்க முன்னின்ற கே.சி.எஸ். பணிக்கரின் பெயரே ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதப்படுகிறது. இளம் ஓவியர்களைச் சொல்லவே வேண்டாம். இனிஷியல் முன்னால், பின்னால், அல்லது அப்பா பெயராக விரிந்து வரும். கல்யாணத்துக்குப் பிறகு மாறியிருக்கும். எண் கணிதம் பார்த்து ஒரு எழுத்துக் கூடியிருக்கும். கலைஞர்களுக்குத் தனி ஷீட் போட்டு, ஆளுக்கு ஒரு எண் கொடுத்து, எல்லா எழுத்து வடிவங்களையும் அதே வரியில் சேருங்கள். தெரிந்த கலைஞர் என்றால், விக்கிடேட்டா (Wikidata) என்ற இலவச இணையத் தரவுத்தளத்தில் அவருக்குள்ள எண்ணையும் போடுங்கள்.

6. காகிதத்தைக் காப்பது

ஸ்டேப்ளர் பின், குண்டூசி, ரப்பர் பேண்ட், செலோடேப் இந்த நான்கும் எதிரிகள். துருப்பிடித்த பின்னை இழுக்காதீர்கள், மெதுவாகக் காலை நிமிர்த்தி எடுங்கள். ஒட்டிக்கொண்ட டேப்பை விட்டுவிடுங்கள், பிய்த்தால் எழுத்தும் சேர்ந்து வரும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். அமிலமில்லாத உறை, பாலியஸ்டர் கவர் நல்லது. பிவிசி கவர் நாளாவட்டத்தில் படத்தில் ஒட்டிக்கொள்ளும். செய்தித்தாள் துணுக்குகளைத் தனியாக வையுங்கள், பக்கத்துக் காகிதத்தையும் பழுப்பாக்கும். பெட்டியைத் தரையில் வைத்தால் கரையானும் மழைத் தண்ணீரும் பார்த்துக்கொள்ளும்.

7. ஸ்கேன்

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்ய ஆசை வரும். முதலில் அழைப்பிதழ், படைப்புப் பட்டியல், அரங்கப் படம் இந்த மூன்றும் போதும். காகிதத்துக்கு 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்), புகைப்படத்துக்கு 600. 35 மிமீ நெகட்டிவுக்கும் ஸ்லைடுக்கும் 3,000-க்கு மேல் வேண்டும், அதற்கென ஸ்கேனர் உள்ள இடத்தில் கொடுங்கள். மூலப் பிரதி டிஃப் (TIFF), பார்க்க ஜேபெக் (JPEG). ஃபைல் பெயர் கண்காட்சி எண்ணில் தொடங்கட்டும்: 1987-03_அழைப்பிதழ்_01. பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், பென்சில் குறிப்பெல்லாம் அங்கேதான்.

பிரதிகள் மூன்று, இரண்டு வகை ஊடகத்தில், அதில் ஒன்று வேறு ஊரில். ஒரே மேஜையில் இருக்கும் மூன்று ஹார்டு டிஸ்க் ஒரு பிரதியாகத்தான் கணக்கு.

8. வெளியிடுவதற்கு முன்

ஓவியத்தை வாங்கியவருக்கே அதன் பதிப்புரிமை தானாகப் போவதில்லை. இந்தியாவில் அது கலைஞர் மறைந்து 60 ஆண்டு வரை நீடிக்கும். அரங்கப் படத்தில் புகைப்படக்காரருக்கும் உரிமை இருக்கலாம். ஆகவே தேதி, தலைப்பு, பெயர்ப் பட்டியலை உடனே வெளியிடுங்கள், படங்களை அனுமதி வந்த பிறகு போடலாம். பதிவேட்டில் இருக்கும் வீட்டு முகவரி, போன் எண்களை மறைத்துவிடுங்கள். ஷீட் நன்றாக வளர்ந்த பிறகு ஒமேகா (Omeka), ஆட்டம் (AtoM) போன்ற இலவச ஆவண மென்பொருளுக்கு மாற்றினால் போதும்.

9. படம் மாட்டியவரைத் தேடுங்கள்

கண்காட்சியைத் தொகுத்த குரேட்டரின் பேட்டி எல்லோரும் எடுப்பார்கள். ஆணி அடித்தவர், விளக்கு கட்டியவர், பதிவேட்டை நீட்டிய வாட்ச்மேன் இவர்களைப் பிடியுங்கள். பெயர் தெரியாத அரங்கப் படங்களை டேப்லெட்டில் பெரிதாக்கிக் காட்டி, அனுமதி கேட்டுவிட்டு, ரெக்கார்டரை ஆன் செய்யுங்கள். எங்களுக்கு ஏழு மாதம் பிடிபடாத ஒரு படத்தைப் பழைய எலக்ட்ரீஷியன் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: "இந்த ஃபேன் மாட்டுனதே அந்தச் சிற்பக் கண்காட்சிக்குத்தான் சார், பில்லு ஆபீஸ்ல இருக்கும்." நான் குப்பை என்று ஒதுக்கியிருந்த ரசீதுக் கட்டில் அந்த பில் இருந்தது, தேதியோடு.