ஆன்டிபாடி ரிப்போர்ட்டில் எண் பெரிது. அதனால் மறுபடி கொரோனா வராதா?

குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு செவிலியர் என்று சொல்லுமளவுக்கு அந்தப் படிப்புக்கு மவுசு. கொரோனா வார்டில் நின்றவர்கள் ஆன்டிபாடி (நோயை எதிர்க்க ரத்தத்தில் உருவாகும் புரதம்) ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது, எந்த ஆன்டிபாடி என்று பார்க்காமல் விடுவதுதான் முதல் தவறு.

வைரஸின் மேல் முள்போல் நீட்டியிருக்கும் ஸ்பைக் புரதத்துக்கு எதிரானது ஒன்று, வைரஸின் உள்ளிருக்கும் நியூக்ளியோகாப்சிட் புரதத்துக்கு எதிரானது இன்னொன்று. கோவிஷீல்டு உடலுக்குக் காட்டுவது ஸ்பைக்கை மட்டும். அதைப் போட்டவருக்கு நியூக்ளியோகாப்சிட் பாசிட்டிவ் வந்தால், தொற்று வந்துபோயிருக்கிறது. கோவாக்சின் செயலிழக்கச் செய்த முழு வைரஸ். அதில் இரண்டுமே உயரும், எனவே இந்தக் கணக்கு செல்லாது. நியூக்ளியோகாப்சிட் நெகட்டிவ் வந்தாலும் 'எனக்குத் தொற்று வரவேயில்லை' எனக் கூடாது. தடுப்பூசிக்குப் பின் லேசாக வந்துபோன தொற்றில் இந்த ஆன்டிபாடி சரியாக உயராமலே போகலாம்; உயர்ந்தாலும் சில மாதங்களில் தேயும்.

நாகர்கோவில் லேபின் எண்ணையும் தக்கலை லேபின் எண்ணையும் அப்படியே ஒப்பிடாதீர்கள். கருவிக்குக் கருவி அலகு மாறும். அபாட் நிறுவனத்தின் ஸ்பைக் ஆன்டிபாடி அளவுப் பரிசோதனையில் 1,000 ஏயூ (அந்நிறுவனத்தின் அலகு) என்பது, 0.142ஆல் பெருக்கினால், உலக சுகாதார நிறுவனத்தின் பொது அலகில் 142 பிஏயூ. குறைந்துவிட்டதே என்று பதறியவர்கள் முதலில் அலகைப் பார்த்திருக்க வேண்டும்.

எண் பெரிதானாலும் கவசமில்லை. இங்கிலாந்து மருத்துவப் பணியாளர்களிடம் நடந்த சைரன் ஆய்வு, முன்பு தொற்று வந்தவர்களுக்கு மறுதொற்று ஆபத்து 84% குறைவு என்றது. அது 2021 தொடக்கக் கணக்கு. அந்த நவம்பரில் அறிவிக்கப்பட்ட ஒமிக்ரான் என்ற உருமாறிய வைரஸின் ஸ்பைக்கில் முப்பதுக்கும் மேல் மாற்றங்கள். பழைய ஸ்பைக்கை வைத்துச் செய்த கிட்டில் எண் ஆயிரக்கணக்கில் வரும். புது வைரஸை அதே ஆன்டிபாடி சரியாகப் பிடிக்காது. நோய் முற்றாமல் காப்பதில் டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்களுக்கும் பங்குண்டு, அவற்றை இந்த ரிப்போர்ட் அளப்பதே இல்லை.

குணமாகி மூன்று வாரத்தில் ஆர்டிபிசிஆர் மறுபடி பாசிட்டிவ் வந்தால் மறுதொற்று என்று எழுதிவிடாதீர்கள்; அது வைரஸின் மிச்சமாக இருக்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) வரையறைப்படி இரண்டு பாசிட்டிவ்களுக்கு நடுவே குறைந்தது 102 நாளும் ஒரு நெகட்டிவும் வேண்டும்.

வார்டில் என்95 போட்டுவிட்டு, சாயா நேரத்தில் அடைத்த அறைக்குள் நாலுபேர் மாஸ்க்கைக் கழற்றி உட்கார்ந்தால் போட்டதெல்லாம் வீண். ஜன்னலைத் திறங்கள், அல்லது முறை வைத்துக் குடியுங்கள். தொண்டைவலி இருந்து ரேபிட் டெஸ்ட் நெகட்டிவ் என்றால் 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். அதுவரை டயாலிசிஸ், புற்றுநோய் வார்டு டூட்டியை மாற்றிக் கேளுங்கள்.